நான்கு நாட்களுக்குத் தமிழ்நாடு முழுவதும் வேண்டாம், புதுக்கோட்டைப் பக்கம் போதும்

புனேயிலிருந்து டிசம்பர் கடைசி வாரத்தில் நான்கு நாள் விடுப்பில் வருகிறீர்கள். கூடவே எழுபதைத் தொட்ட அப்பா அம்மா, மனைவி, 13 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஊட்டி, கொடைக்கானல், மாமல்லபுரம் எல்லாம் பார்த்தாயிற்று, கூட்டத்தில் வரிசை நிற்க அப்பாவால் முடியாது, பிள்ளைகள் பழைய தமிழ்நாட்டைக் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். காஞ்சிபுரத்தில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் பதினோரு ஊர்களின் பட்டியலையும் கொடுத்து, "இதில் எதைக் குறைக்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதினொன்றையும் குறைத்துவிடுங்கள். அந்தப் பட்டியலின்படி போனால் நான்கு நாளும் சுங்கச்சாவடிகளைத்தான் பார்ப்பீர்கள். திருச்சியில் இறங்கித் தெற்கே வாருங்கள். புதுக்கோட்டைக்கு 55 கிலோமீட்டர், அங்கிருந்து காரைக்குடிக்கு ஏறக்குறைய 40. இந்தச் சின்ன வட்டாரத்துக்குள் சமண முனிவர்கள் படுத்த கல்படுக்கையிலிருந்து, பர்மாத் தேக்கில் எழுந்த வீடுகள் வரை இரண்டாயிரம் ஆண்டுகள் அடுக்கிக் கிடக்கின்றன. நான் இந்த ஊர்க்காரன் என்பதால் சொல்லவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். போகட்டும், ஆனால் முப்பது வருடமாக வெளியூர் உறவினர்களை இங்கே கூட்டிக்கொண்டு அலைந்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இது பாறை நாடு. எந்த இடத்தைப் பார்க்கிறோம் என்பதைவிட எந்த நேரத்தில் பார்க்கிறோம் என்பதுதான் இங்கே முக்கியம். ஒரு மே மாதம் நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு என் அக்காள் பிள்ளைகளைச் சித்தன்னவாசல் மலைமேல் ஏற்றினேன். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வந்த இளையவன், இறங்கும்போது என் தோளில் இருந்தான். உள்ளங்கால் கொப்பளித்துவிட்டது. அவனுக்கு இன்று கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது, இன்னும் என்னைப் பார்த்தால் அதைத்தான் பேசுகிறான். டிசம்பரில் அவ்வளவு கொடுமை இருக்காது. ஆனாலும் மலைகளைக் காலை பத்து மணிக்குள்ளோ மாலை நான்கு மணிக்கு மேலோ வைத்துக்கொள்ளுங்கள், நடுப்பகலைச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் விட்டுவிடுங்கள்.

திருச்சியிலிருந்து வரும்போது நேர்வழியில் புதுக்கோட்டை வராமல் விராலிமலை வழியாகச் சுற்றி வாருங்கள். விராலிமலையில் மயில்கள் தெருக்கோழிபோல் திரியும். அந்த முருகனுக்குச் சுருட்டு படைப்பது வழக்கம் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், நம்ப மாட்டார்கள். பரதநாட்டியத்துக்கு முன்னோடியான சதிர் ஆட்டத்தின் கடைசிக் கண்ணிகளில் ஒருவரான முத்துக்கண்ணம்மாள் இந்தக் கோயிலைச் சேர்ந்தவர்தான். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மலை ஏற வேண்டாம், பெற்றோருக்குப் படிகள் அதிகம். அங்கிருந்து தெற்கே மதுரைச் சாலையில் சிறிது தூரம் போனால் கொடும்பாளூர். இருக்குவேள் மரபைச் சேர்ந்த சிற்றரசர் பூதி விக்கிரமகேசரி தன் பெயரில் ஒன்றும், கற்றளி, வரகுணை என்ற இரு மனைவியர் பெயரில் இரண்டுமாக மூன்று கோயில்கள் எடுத்தார். அதனால்தான் மூவர் கோயில் என்று பெயர். இப்போது நிற்பவை இரண்டு, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். அரை மணி நேரம் போதும். புல்வெளியும் வேப்பங்காற்றும் இருப்பதால் பெரியவர்கள் உட்கார்ந்துகொள்வார்கள்.

அன்று மாலை நார்த்தாமலைக்கு. பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு இந்த ஊர் கொள்ளாமல் கூட்டம் வரும், டிசம்பரில் ஆள் இருக்காது. ஊரிலிருந்து மேலமலைக்கு மொட்டைப் பாறைமேல் நடந்து ஏற வேண்டும். கடினமில்லை, ஆனால் முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருப்பது நல்லது. மேலே விஜயாலய சோழீச்சரம். பெயரைப் பார்த்துச் சோழன் கட்டியது என்று எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். கல்வெட்டு சொல்வது வேறு. கட்டியவர் முத்தரையர் தலைவரான சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர். மழையில் இடிந்து போனதை மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார். கருவறையைக் கவனியுங்கள், வெளியே சதுரம், உள்ளே வட்டம். ஒன்பதாம் நூற்றாண்டில் இப்படி ஒரு வட்டக் கருவறையைக் கருங்கல்லில் எழுப்பியிருக்கிறார்கள்.

எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள். ஒன்றின் பெயர் பழியிலி ஈச்சரம். பக்கத்தில் உள்ளதைச் சமணர் குடகு என்கிறார்கள், ஆனால் உள்ளே போனால் ஆளுயரத் திருமால் உருவங்கள் பன்னிரண்டு வரிசையாக நிற்கும். கிட்டத்தட்ட ஒரே அச்சு. என் சகோதரி மகள் ஒருமுறை ஆறாவது திருமாலுக்கும் ஏழாவது திருமாலுக்கும் என்ன வித்தியாசம் என்று கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு இருட்டும்வரை கீழே இறங்கவில்லை. கோயில் மேற்கு நோக்கியது. அதனால்தான் மாலை என்றேன். ஐந்து மணி வெயில் நேராக முகப்பில் விழும்போது அந்தக் கல் பழுத்த பனம்பழத்தின் நிறத்துக்கு வந்துவிடும். கதவு பூட்டியிருந்தால் காவலரைத் தேடுங்கள், சாவி அவரிடம்தான் இருக்கும்.

இரண்டாம் நாள் காலை சித்தன்னவாசல். இங்கே அவசரப்படக் கூடாது. புதுக்கோட்டையிலிருந்து பதினாறு கிலோமீட்டர்தான், ஏழரை மணிக்கு இட்டிலியை முடித்துக்கொண்டு கிளம்பினால் போதும். பார்க்க வேண்டியவை இரண்டு, இரண்டுக்கும் வழி வேறு. ஓவியம் இருக்கும் சமணக் குடைவரையான அறிவர் கோயிலுக்குச் சில படிகள்தான், அப்பா அம்மா தாராளமாக வரலாம். மலைமேல் இருக்கும் ஏழடிப்பட்டம் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும். முதலில் மலையை முடித்துவிடுங்கள்.

ஏழடிப்பட்டம் என்பது மலை முகட்டைக் கடந்து மறுபக்கம் விளிம்போரமாகப் போய்ச் சேரும் இயற்கைக் குகை. பாறையில் வெட்டிய படிக்குழிகளில் கால் வைத்துப் போக வேண்டும், இப்போது கம்பி வேலி இருப்பதால் பயமில்லை. உள்ளே வழவழவென்று தேய்த்த கல்படுக்கைகள் பதினேழு. தலைமாட்டில் கல்லையே தலையணைபோல் உயர்த்திவிட்டிருக்கிறார்கள். அவற்றில் பெரிய படுக்கையின் ஓரத்தில் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது, கி.மு. முதலாம் நூற்றாண்டை ஒட்டியது. எருமிநாட்டில் பிறந்த ஒருவருக்காகச் செய்துகொடுத்த இருக்கை என்பது அதன் சாரம். படுக்கையைத் தொட்டுப் பார்க்க ஆசையாக இருக்கும், கம்பிக்கு வெளியே நின்றே பாருங்கள். நம் ஆட்கள் அதன்மேல் காதலர் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் வருடம் கழித்து அவற்றுக்கும் ஆராய்ச்சியாளர் வருவார் என்று நினைத்திருப்பார்கள் போலும்.

கீழே இறங்கி அறிவர் கோயில். முன்னால் நிற்கும் தூண் மண்டபம் பழையதல்ல, இருபதாம் நூற்றாண்டில் புதுக்கோட்டை சமஸ்தானத்தார் குடுமியான்மலையிலிருந்து தூண்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. அதைத் தாண்டிக் குனிந்து உள்ளே போனால் முதலில் ஒன்றும் தெரியாது. பெரும்பாலானோர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அரை நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டு "அழிந்துவிட்டது" என்று திரும்பிவிடுவார்கள். கண் இருட்டுக்குப் பழகும்வரை பேசாமல் நில்லுங்கள். நான்கைந்து நிமிடம் ஆகும். பிறகு மேல்தளத்தில் பச்சை கிளம்பும். அது தாமரை இலை. இலைகளுக்கு நடுவே மொட்டு, பாதி மலர்ந்தது, முழுதாக மலர்ந்தது. தண்ணீருக்குள் மீன் வளைந்து போகும். எருமை ஒன்று குளத்துக்குள் நிற்கும், யானை தும்பிக்கையால் கொடியை இழுக்கும், வாத்துகள் இருக்கும். நடுவே மூன்று ஆட்கள் பூப்பறிக்கிறார்கள். ஒருவன் தண்டோடு பறித்த தாமரையைத் தோளில் சாய்த்துப் பிடித்திருக்கிறான், இன்னொருவன் கையில் பூக்கூடை. சமண மரபில் இது தீர்த்தங்கரர் உபதேசிக்கும் சபைக்குப் போகிற வழியில் உள்ள குளம், பறிப்பவர்கள் அதற்குத் தகுதி பெற்றவர்கள். அது தெரியாவிட்டாலும் குறையில்லை. மழைக்காலம் முடிந்த சமயத்தில் வருகிறீர்கள், வரும் வழியில் ஏதோ ஒரு கண்மாயில் இதே குளத்தைப் பார்த்திருப்பீர்கள்.

தூண்களில் ஆடும் பெண்கள் இருவர். ஒருத்தியின் இடது கை முன்னால் வீசிய வளைவு மட்டும் இன்னும் தெளிவாக இருக்கிறது. கருவறைக்குள் நின்று மெல்ல "ம்" என்று முனகச் சொல்லுங்கள். அறை முழுவதும் ஒலிக்கும், எங்கிருந்து வருகிறதென்று தெரியாது. பிள்ளைகள் வெளியே வரவே மாட்டார்கள். வெளியே முகப்பின் பக்கப் பாறையில் ஒரு பாடல் கல்வெட்டு இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்த அண்ணல்வாயில் அறிவர் கோயிலைப் புதுப்பித்தான் என்பது செய்தி. பஸ் பலகையில் அன்னவாசல் என்று பார்ப்பீர்களே, அந்த ஊர்தான் அண்ணல்வாயில். இரண்டு இடத்துக்கும் டிக்கெட் உண்டு, பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்குக் கிடையாது. படமெடுக்கும்போது ஒளிவிளக்கு போடாதீர்கள்.

அங்கிருந்து குடுமியான்மலை அதிக தூரமில்லை. அர்ச்சகர் கொடுத்த மாலையில் மயிர் இருப்பதைப் பார்த்து அரசன் கோபித்தானாம், சுவாமிக்கே குடுமி உண்டு என்று அர்ச்சகர் சமாளித்தாராம், லிங்கமும் குடுமியைக் காட்டிக் காப்பாற்றியதாம். சிகாநாதர் என்ற பெயருக்கு ஊரில் சொல்லும் கதை அது. முன்மண்டபத்துத் தூண்களில் நரசிம்மர், பத்துத் தலை ராவணன், ரதி, மன்மதன் என்று ஆள் உயரச் சிற்பங்கள். இவற்றைப் பார்த்துவிட்டு எல்லோரும் காரில் ஏறிவிடுகிறார்கள். ஏறாதீர்கள். உள்ளே மலையை ஒட்டி மேலைக்கோயில் என்ற குடைவரை இருக்கிறது. அதன் பக்கத்துப் பாறைச் சரிவில்தான் இசைக் கல்வெட்டு.

பார்வைக்கு அது ஒரு கணக்கு நோட்டைப் பாறையில் ஒட்டியதுபோல் இருக்கும். கட்டம் கட்டமாகக் கிரந்த எழுத்தில், நான்கு நான்கு சுரங்களாக, ஏழு பகுதிகள். ஒவ்வொரு பகுதியும் ஒரு பழைய ராகம். பயிற்சி செய்யும் மாணவருக்காக எழுதிவைத்த பாடம் இது. ருத்ராச்சாரியரின் மாணவனான சிவபக்த அரசன் ஒருவன் செய்தது என்று அதிலேயே இருக்கிறது. அந்த அரசன் மகேந்திரவர்ம பல்லவன்தான் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், கல்லில் அந்தப் பெயர் இல்லை. எனக்குப் பிடித்தது கடைசி வரி. அத்தனை வடமொழிக்கும் கீழே, தமிழில், "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய" என்று ஒற்றை வாக்கியம். எட்டு நரம்பு, ஏழு நரம்பு என்று வீணை வகையைச் சொல்வதாகப் பொருள் கொள்கிறார்கள். ஆசிரியர் பாடம் எழுதி முடித்துவிட்டு, போகிற போக்கில் பையன்களுக்கு ஒரு குறிப்பு சொன்னதுபோல் இருக்கிறது. உங்கள் மூத்த மகள் வாய்ப்பாட்டு கற்பதாக எழுதியிருக்கிறீர்கள், இந்தப் பாறைக்கு முன்னால் அவளைக் கொஞ்ச நேரம் தனியாக விடுங்கள்.

பிற்பகலில் புதுக்கோட்டை அருங்காட்சியகம். ஊரை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. 1910இல் சமஸ்தானம் தொடங்கியது. பாடம் செய்த புலி, மரச்சிற்பம், செப்புத் திருமேனி, வாள், பாறை மாதிரிகள் என்று கலந்துகட்டி இருப்பதே அதன் அழகு. அம்மன் காசைத் தேடிப் பாருங்கள். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிய செம்புக்காசு, ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் "விஜய". சுற்றிலும் வெள்ளைக்காரன் நாணயம் ஓடிய காலத்திலும் தனிக் காசு வைத்துக்கொண்டு, 1948 மார்ச்சில் இந்தியாவோடு சேரும்வரை தனி அரசாக இருந்த ஊர் இது.

இரவுச் சாப்பாட்டுக்கு முட்டை மாஸ் கேளுங்கள், புதுக்கோட்டைக்கே உரியது.

மூன்றாம் நாள் காரைக்குடிக்குப் போகும் வழியில் திருமயம். கோட்டையை 1687இல் ராமநாதபுரம் கிழவன் சேதுபதி கட்டினார். மேலே பீரங்கி ஒன்று இருக்கிறது, பிள்ளைகள் அதன்மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மலையின் தென்புறம் சிவனும் பெருமாளும் அடுத்தடுத்த குடைவரைகளில் இருக்கிறார்கள். பள்ளிகொண்ட பெருமாள் மிகப் பெரியவர், ஆதிசேஷன் விஷம் கக்க மதுவும் கைடபனும் ஓடுவது சுவரில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்தால் சண்டை வராமல் இருக்குமா? சைவரும் வைணவரும் மோதி, 13ஆம் நூற்றாண்டில் நடுவர்கள் கூடி வருவாயைப் பங்கிட்டுத் தீர்ப்பெழுதினார்கள். அந்தத் தீர்ப்பும் கல்லில் இருக்கிறது. சாலையோரம் கோட்டை பைரவர் கோயிலில் உங்கள் ஓட்டுநர் கேட்காமலேயே வண்டியை நிறுத்துவார். அவசரப்படுத்தாதீர்கள்.

செட்டிநாட்டில் தங்குவதற்கு ஒரு வார்த்தை. பழைய வீட்டை விடுதியாக மாற்றிய இடங்கள் பல இருக்கின்றன, விலையும் பலவிதம். நான் ஒருமுறை விருந்தினரைத் தங்கவைத்த ஓர் இடத்தில் முகப்பு மட்டும்தான் பழைய வீடு, அறை பின்னால் புதிதாகக் கட்டிய தகரக் கொட்டகை. பணம் கட்டுவதற்கு முன் வளவுக்குள் அறை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வளவு என்பது நடு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அதில் ஓர் அறை. ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் அடுப்பு தனித்தனி. கூட்டுக் குடும்பத்தைப் பற்றிப் பெருமூச்சு விடுகிறவர்கள் இந்த ஏற்பாட்டை வசதியாக மறந்துவிடுகிறார்கள். வாசல் ஒரு தெருவில், கொல்லை அடுத்த தெருவில் என்று நீளும் வீடுகள். பர்மா, இலங்கை, மலேயா என்று வட்டித்தொழில் செய்து கொண்டுவந்த பணம் தேக்காகவும் இத்தாலியச் சலவைக்கல்லாகவும் நிற்கிறது. இரண்டாம் உலகப் போரோடு பர்மாப் பணம் போயிற்று. பூட்டிய வீடுகள் அதன் பிறகு வந்தவை.

கானாடுகாத்தானில் ஒரு தெரு நடந்தால் போதும், எல்லா வீட்டுக்குள்ளும் நுழைய வேண்டியதில்லை. ஆத்தங்குடிக்கு அன்று பிற்பகல் முழுவதையும் கொடுங்கள். பெரிய வீட்டைப் பார்த்துவிட்டு, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்கிற பட்டறைக்குப் போங்கள். ஒரு கண்ணாடித் துண்டு, அதைச் சுற்றி இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவத் தகர அச்சு. கரண்டியால் சிவப்பு, மஞ்சள், பச்சைச் சிமெண்டுக் குழம்பை அச்சின் அறைகளில் ஊற்றுவார். பிறகு அச்சை மெல்லத் தூக்குவார். இந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும், கலக்காது. மேலே உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவி, சாந்து போட்டு அழுத்தி, ஓரமாக வைத்துவிடுவார். சூளை கிடையாது, நெருப்பே இல்லை. தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறி, காய்ந்தபின் கண்ணாடியைப் பிரித்தால், கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும். நடக்க நடக்கத்தான் மினுமினுப்பு கூடும் என்பார்கள். உங்கள் மகனுக்கு ஒரு கல் செய்து பார்க்க விருப்பமிருந்தால் கேளுங்கள், வேலை நெருக்கடி இல்லாவிட்டால் கரண்டியைக் கையில் கொடுப்பார்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் எனக்குப் பாதி மகிழ்ச்சி, பாதி வருத்தம். அங்கே தொங்கும் கதவும் பீங்கானும் இடித்த வீடுகளிலிருந்து வந்தவைதானே. உங்கள் மனைவிக்குக் கண்டாங்கிச் சேலை வாங்குங்கள், அது நெய்தவருக்குப் போகும். சாப்பாட்டில், செட்டிநாடு என்றால் மிளகாய் என்று வெளியூர்க் கடைகள் கற்பித்ததை மறந்துவிட்டு, வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி இனிப்பு மூன்றையும் தேடிச் சாப்பிடுங்கள்.

நான்காம் நாளுக்கு இரண்டு வழிகள். மதுரையில் விமானம் ஏறுவதாக இருந்தால் வழியில் கீழடி. 2023இல் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டின் சாயலில் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் புரியும்படி வைத்திருக்கிறார்கள். திருச்சிக்கே திரும்புவதாக இருந்தால் அறந்தாங்கி பக்கம் ஆவுடையார்கோயில். என்னைக் கேட்டால் இதுதான். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவழித்த திருப்பெருந்துறை இது. கருவறையில் லிங்கத்தின் பீடமான ஆவுடையார் மட்டும், லிங்கம் இல்லை. எதிரே நந்தியும் இல்லை. புழுங்கலரிசிச் சோற்றைக் கல்மேல் கொட்டி, அதன் ஆவியைத்தான் படைக்கிறார்கள், கூடவே கீரையும் பாகற்காயும். மண்டபத்தின் கொடுங்கையை, அதாவது வளைந்து இறங்கும் கூரை விளிம்பை, அண்ணாந்து பாருங்கள். மரச்சட்டம், கம்பி, குமிழ் ஆணி எல்லாம் தெரியும். எல்லாமே கல். அந்தக் காலத்துச் சிற்பிகள் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது "ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக" என்று எழுதிக்கொள்வார்களாம். பகல் பன்னிரண்டுக்கு நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள், அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.

இரண்டு சின்ன எச்சரிக்கைகள். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அந்த நாளில் புதுக்கோட்டையில் இருப்பதுபோல் திட்டம் போடாதீர்கள். கோயில் பாறைகளில் செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றத்தான் வேண்டும், ஆளுக்கொரு ஜோடிக் காலுறையைப் பையில் போட்டு வையுங்கள். என் அக்காள் மகன் இதைப் படித்தால் முதலில் தலையாட்டுவான்.